ஒரு சிறுகோளும் ஆராயியின் கோழிகளும்

டீ வேண்டாம் சார், தப்பாக நினைக்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு நான் எதையும் வாயில் வைப்பதில்லை. நாங்கள் சமணர்கள். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஏதாவது ஒரு ஜீவன் சோற்றோடு உள்ளே போய்விடலாம், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று பரம்பரையாக வந்த பழக்கம். நீங்கள் குடியுங்கள். ஆறிவிடப்போகிறது.

கண்ணாயிரம் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. என்னைப் பேராசிரியர் என்று சொல்லியிருக்கிறார். நான் விரிவுரையாளர்தான், அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி, ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டதும், அதில் அவர் குடும்பம் கெட்டதும் உண்மை. ஏன் செய்தேன் என்பதைக் கேட்டால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

என்னைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். கல்லூரியில் பௌதிகம் எடுக்கிறேன். ஒரு மாணவனைக்கூட அடித்ததில்லை. நடக்கிற வழியில் எறும்பு வரிசை குறுக்கிட்டால் நின்று, அது போன பிறகுதான் நான் போவேன். தொலைநோக்கியின் கண்ணாடியில் விட்டில்பூச்சி உட்கார்ந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, வெளியே கொண்டுபோய் விடுவேன். ஜினசந்திரன் என்று பெயரில் சந்திரன் இருந்தாலும் சந்திரன் எனக்கு ஆகாது. நிலா காய்கிற ராத்திரிகளில் என் வேலை நடக்காது.

என் வேலை என்று நான் சொல்வது சிறுகோள் தேடுவதை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நம் மலையைவிடப் பெரியதும் உண்டு. ஆனால் இங்கிருந்து பார்த்தால் ஊசிமுனைப் புள்ளி. வானத்தின் ஒரு மூலையைக் கண்ணாடித் தகட்டில் போட்டோ பிடிக்க வேண்டும். மறுநாள் அதே மூலையை மறுபடியும் பிடிக்க வேண்டும். நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது சிறுகோள். ஒரு ராத்திரி பார்த்தேன் என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். அடுத்தடுத்த ராத்திரிகளிலும் பார்த்து, இடத்தைக் குறித்து, வெளிநாட்டுக்குத் தந்தி அடிக்க வேண்டும். முதலில் கண்டவனுக்குத்தான் அதற்குப் பெயர் வைக்கிற உரிமை.

வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பின்னால் இதற்கென்று ஒரு கூடம் கட்டினேன். தகரக் கூரை. கீழே இரும்புத் தண்டவாளம் வைத்திருக்கிறேன். தள்ளினால் கூரை திறந்துகொள்ளும். ஜனங்கள் அதை ‘நட்சத்திரக் கொட்டாய்’ என்பார்கள். கட்டியபோது சுற்றிலும் முள்ளுக்காடு, நல்ல இருட்டு. ஒரு சங்கடம்தான். ஆனி, ஆடியில் சிறுகோள்கள் தெற்கு வானத்தில் வரும். என் கூடத்துக்குத் தெற்கே திருவண்ணாமலை டவுன் இருக்கிறது.

டவுன் வருஷத்துக்கு வருஷம் வெளிச்சமாகிக்கொண்டே போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் கண்ணாயிரம் லாட்ஜ் கட்டினார். மனைவி ஜோதியம்மாள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். மொட்டைமாடியில் அவள் பெயரை ஆள் உயரச் சிவப்பு விளக்கு எழுத்தில் எழுதி வைத்தார். நாலு மூலையிலும் வானத்தைப் பார்த்த மாதிரி ஃபோகஸ் லைட் போட்டார். வானத்துக்கு எதற்கு லைட் என்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

“சாமியும் பாக்கட்டுமே சார்,” என்றார்.

லாட்ஜ் திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் என் தகட்டில் ஒரு புதுப் புள்ளி விழுந்திருந்தது. மறுநாள் அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால், தகடு முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெள்ளை. எல்லாம் ஜோதியம்மாள். அதற்கப்புறம் மேகம் மூடிக்கொண்டது. கொஞ்ச மாசம் கழித்து அதே கல்லை ஐரோப்பாவில் ஒருவர் கண்டுபிடித்து, சில வருஷத்தில் அது பதிவானதும் தன் பூனையின் பெயரை வைத்துவிட்டார். எனக்கும் சுனந்தாவுக்கும் குழந்தை இல்லை சார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நான் கோபப்படவில்லை. காத்திருந்தேன்.

எழுபத்தொன்பதில் ஸ்கைலாப் பயம் வந்தது. அப்போது நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பயந்திருப்பீர்கள். அமெரிக்கா வானத்தில் விட்டிருந்த பெரிய ஆராய்ச்சிக் கலம் அது. ஆள் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது, உயரம் குறைந்து விழப்போகிறது என்றார்கள். எங்கே விழும், என்றைக்கு விழும் என்று விட்டவர்களுக்கே தெரியவில்லை. ரேடியோவில் தினமும் அதே பேச்சு. நான் டீ குடிக்கிற வேடியப்பன் கடையிலும் அதே பேச்சு.

“சார், நம்ம ஊரு மேல வுழுமா சார்?”

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னேன். பூமியில் முக்கால்வாசி கடல், நம் தலையில் விழுகிற வாய்ப்பு லாரியில் அடிபட்டுச் சாகிற வாய்ப்பைவிட ரொம்பக் கம்மி என்றேன். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கூடுதலாக லாரியைக் கண்டும் பயப்பட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில், ஆனி அமாவாசைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ராத்திரி டவுனில் கரண்டு போனபோது எனக்கு மறுபடி ஒரு புள்ளி கிடைத்தது. தெற்கே, சரியாக ஜோதியம்மாளுக்கு மேலே. இன்னும் இரண்டு மூன்று ராத்திரி சுத்தமான இருட்டு வேண்டும். மறுநாள் காலையில் வேடியப்பன் கடையில் இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேடியப்பன் கேட்டான், “அது வெளிச்சத்தப் பாத்துதான் வருமா சார்?” நான் பதில் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் பேசாமல் இருப்பது குற்றமா?

இல்லை, வாக்குமூலம் என்றால் சரியாகச் சொல்ல வேண்டும். வேடியப்பன் அப்படிக் கேட்கவில்லை. “ஆளே இல்லாம அதுக்கு எப்படி சார் வழி தெரியும்?” என்றுதான் கேட்டான். நான், “ராத்திரியில விட்டில்பூச்சிக்கு எப்படி வழி தெரியுது வேடியப்பா?” என்றேன். கவனியுங்கள், இது கேள்வி. கேள்வியில் பொய் இருக்க முடியாது. வேடியப்பன் என்னைப் பார்த்தான். அப்புறம் கடையில் தொங்கிய பல்பைப் பார்த்தான். எழுந்துபோய் அதை அணைத்தான். அப்போது காலை ஒன்பது மணி இருக்கும்.

நான் சைக்கிளில் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வீட்டு ஆராயி வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“சாரு, சிம்னி வெளக்கு ஏத்தலாமா, அதுகூட ஆவாதா?”

எண்ணெய் விளக்கு பரவாயில்லை, கரண்டு விளக்குதான் ஆகாது என்றேன். அவள் வீட்டில் கரண்டு கிடையாது. வீணாக யாரையும் நான் தொந்தரவு செய்யவில்லை.

சாயங்காலம் டவுனிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. முன்னால் கண்ணாயிரம்.

“எத்தினி நாளிக்கு சார் இருட்டா இருக்கணும்?”

“அமாவாசையை ஒட்டி மூணு ராத்திரி. நிலா இல்லாதப்ப அதுக்கு வேற வெளிச்சம் கிடையாது. கீழ எது மின்னுதோ அதைப் பாத்துதான் வரும். நிலா பெருசாயிட்டா பயமில்ல, நிலாவைப் பாத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும்.”

“என் போர்டையுமா அணைக்கணும்?”

“மேலேருந்து பாத்தா உங்க போர்டுதான் மொதல்ல தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.”

கண்ணாயிரம் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு பெரிய இரும்பு தன் மனைவி பெயரைப் படித்துக்கொண்டே இறங்கி வருவதை நினைத்துப் பார்த்திருப்பார். அன்றைக்கே தண்டோரா போட்டார்கள். தெருவிளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு எதுவும் எரியக் கூடாது. கோயில் விளக்கை மட்டும் யாரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. எண்ணெய் விளக்கு எனக்கு இடைஞ்சல் இல்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சாகப் போகிறோம் என்று நினைக்கிற ஜனங்கள் சாப்பிட ஆரம்பிப்பார்கள்.

ஆராயியிடம் பத்துப் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ராணி, செவத்தா, கலெக்டரம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தந்தக் கோழி தனியாக ஓடி வரும். அந்த மூன்று நாளில் முதல் நாள் காலையில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாக வந்தது.

“நாமளே போவப்போறோம் சாரு. இதுங்கள யாரை நம்பி வுட்டுட்டுப் போறது?” என்றாள். அழுதுகொண்டேதான் செய்தாள். கலெக்டரம்மாவைக் கடைசியாகக் கூப்பிட்டாள்.

ஊர் முழுக்க இதே கதை. ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை அடித்தார்கள். சாமிக்கென்று நேர்ந்துவிட்ட கிடாவை, சாமிக்கும் இதே கதிதானே என்று அடித்தார்கள். பரம வைரிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இருட்டியதும் சொல்லி வைத்தாற்போல எல்லா விளக்கும் அணைந்தது. நான் கூரையைத் தள்ளித் திறந்து, ஆசையோடு தெற்கே பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஊர் மொத்தமும் விறகு அடுப்பு எரிந்து, புகை கம்பளி மாதிரி வானத்தை மூடியிருந்தது. மலையே தெரியவில்லை. குழம்பு வாசனைதான் வந்தது. ஒரு ராத்திரி வீணாகிவிட்டது.

விடிந்ததும் வேடியப்பன் கடைக்குப் போனேன். வெளிச்சம் மட்டுமில்லை, புகையும் ஆகாது, பகல் மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்றேன். அன்றைக்கும் மறுநாளைக்கும் அடிக்க வைத்திருந்ததையெல்லாம் ஜனங்கள் அன்று காலையிலேயே அடித்துவிட்டார்கள். ஒரு நாள் விட்டிருந்தால் மனசு மாறி சிலதாவது பிழைத்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளில் என் கையால் ஒரு உயிர் போகவில்லை.

சுனந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி. அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உபவாசம் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் உபவாசத்தில் பகலில் கொஞ்சம் காய்ச்சிய தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான்.

“எல்லாரும் சாகப் போறோம்னு யாரோ ஒரு பாவி கெளப்பிவிட்டிருக்கான்,” என்றாள். “இத்தினி உசிரும் அவன் தலைமேலதான் விடியும். அந்தப் பாவம் கொஞ்சமாச்சும் கரையட்டும்னுதான் இருக்கேன்.”

“மொகம் தெரியாதவனுக்காக நீ எதுக்கு ஒடம்பைக் கெடுத்துக்கற?”

“மொகம் தெரிஞ்சா உபவாசம் இருக்க மனசு வராதுங்க.”

அதனால்தான் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் உபவாசம் நடுவில் கெட்டுப்போயிருக்கும். மூன்று நாளும் அவளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்தும்விட்டேன். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று நான் இருந்ததில்லை.

அடுத்த இரண்டு ராத்திரியும் இருந்த இருட்டை என்னவென்று சொல்வது? திருவண்ணாமலை மேல் அப்படி ஒரு வானத்தை இந்தத் தலைமுறையில் நான் ஒருவன்தான் பார்த்தேன். மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்கள். நாய்கள்கூடக் குரைக்கவில்லை. எலும்பு தின்றே களைத்திருந்தன. தகட்டைக் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளி நகர்ந்திருந்தது. நான் அழுதுவிட்டேன் சார். சந்தோஷத்தில்தான்.

அதே இருட்டில்தான் கண்ணாயிரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, போளூரில் தனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறார். மனசில் பாரத்தை வைத்துக்கொண்டு சாகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ஜோதியம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். முதல் பஸ்ஸைப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்குள் போர்டிலிருந்து தன் பெயரைக் கழற்றிப்போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள். கண்ணாயிரம் போளூருக்கு ஓடினார். போளூர்க்காரிக்கு ஜோதியம்மாளைப் பற்றி அதுவரைக்கும் தெரியாதாம். அங்கேயும் கதவைச் சாத்திவிட்டார்கள். இதற்காக நான் உண்மையாகவே வருத்தப்படுகிறேன். ஆனால் அந்த வருஷத்திலிருந்து தெற்கு வானம் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை மாசம், பௌர்ணமி கழிந்த கையோடு, ஸ்கைலாப் கடலிலும் ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்தது.

“பாத்தியா, நெலாவப் பாத்துக்கினு அந்தாண்ட போயிடுச்சு! சார் அன்னிக்கே சொன்னாருல்ல!” என்று வேடியப்பன் கடையில் கத்திக்கொண்டிருந்தான்.

நான் வாழ்நாளில் சொன்ன எந்த உண்மையும் அப்படிப் பலித்ததில்லை. ஊரைக் காப்பாற்றியவர் என்று மேளத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ஆராயி காலில் விழுந்தாள். மறுக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அதற்குள் மாலையைப் போட்டுவிட்டார்கள். அப்புறம் பல மாசம் ஊரில் முட்டையே கிடையாது. சேவல் கூவாததால் தூங்கிவிட்டோம் என்று மாணவர்கள் லேட்டாக வந்தார்கள். நான் யாரையும் கண்டிக்கவில்லை.

சிறுகோள் விஷயம் முடிய வருஷக்கணக்கில் ஆயிற்று. அது சூரியனைச் சுற்றி வர வேண்டும், மறுபடி மறுபடி பார்க்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் கணக்குப் போட வேண்டும். போன மாசம்தான் என் கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். சுனந்தா என்று பெயர் வைத்தேன். ஊர்க்காரர்கள் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை.

அங்கேதான் வாய் தவறிவிட்டேன். தவறு என்றும் சொல்ல முடியாது, நன்றி சொல்ல நினைத்தேன். “அந்த மூன்று ராத்திரியும் நீங்கள் விளக்கை அணைத்ததால்தான் இந்தச் சிறுகோள் கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக நீங்கள் செய்த தியாகம் அது” என்றேன். மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் கண்ணாயிரமும் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது, அப்புறம் நின்றது. பெண்கள் பக்கத்தில் சுனந்தா கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“ஏங்க, அது வெளிச்சத்தப் பாத்து வராதா?”

“வராது.”

“பொகையப் பாத்து?”

“வராது சுனந்தா.”

“அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“நான் பௌதிகம் எடுக்கறவன்.”



“அப்ப நான் பட்டினி கெடந்தது உங்களுக்காகவா?”

“அதுக்குத்தான் உன் பேரை வெச்சிருக்கேன். சூரியன் இருக்கிறவரைக்கும் அது சுத்திக்கிட்டே இருக்கும்.”

“எதுக்கு என் பேரு? கலெக்டரம்மான்னு வெச்சிருக்கலாமே.”

நியாயமான யோசனைதான். ஆனால் பதிவான பெயரை மாற்ற விதியில் இடமில்லை என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் சார். ஸ்கைலாப் வெளிச்சத்தைப் பார்த்து வரும் என்று கிளப்பியது நான். புகையைத் தேடி வரும் என்றதும் நான். இரண்டும் பொய் என்று தெரிந்தே, என் சிறுகோளுக்காகச் செய்தேன். இந்த ஊரின் ஆடு கோழிகளுக்கும் கண்ணாயிரத்தின் இரண்டு குடும்பங்களுக்கும் நானே பொறுப்பு. எந்த செக்‌ஷனில் போடுவீர்களோ, போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நீக்கிவிடுங்கள். அவர் குடும்பம் மட்டுமில்லை, என் குடும்பமும் கெட்டுவிட்டது என்று புகாரின் கடைசியில் கண்ணாயிரம் சேர்த்திருப்பது தவறு. நேற்று நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது சுனந்தா வீட்டில் இல்லை, உண்மைதான். துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தவாசியில் இருக்கிற அவள் அண்ணன் ஆதிநாதன் வீட்டுக்குப் போய்விட்டதாக ஆராயி சொன்னாள். ஆனால் அவள் ஜோதியம்மாள் மாதிரி கோபித்துக்கொண்டு போகவில்லை. போகும்போது வீட்டில் ஒரு விளக்கு பாக்கியில்லாமல் அணைத்து, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறாள். எனக்கு இருட்டு எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். என்மேல் கோபம் இருக்கிறவள் இவ்வளவு அக்கறையாகச் செய்வாளா, நீங்களே சொல்லுங்கள்.